வரைபடத்தில் முதலில் பழக வேண்டியது கோடு

பொறியியல் வரைவு புதிதாகப் பழகத் தொடங்கியிருக்கிறீர்கள். என்னென்ன கருவி வேண்டும், கோடுகளில் இத்தனை வகை எதற்கு, கையால் வரையும் முறைகளில் எவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், கணினி வந்த பிறகும் இதெல்லாம் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்பவர்கள் கருவிப் பட்டியலில் இருந்து தொடங்குவார்கள். நான் கோட்டில் இருந்து தொடங்குகிறேன். கோடு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எந்தக் கருவி எதற்கு என்பது தன்னால் விளங்கிவிடும்.

நீங்கள் வரைந்த தாளை வாங்கி வேலை செய்யப்போகும் மெஷினிஸ்ட் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். இந்தக் கோடு விளிம்பா, துளையின் மையமா, அளவு காட்டுவதற்காக இழுத்ததா என்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்க அவருக்கு வழியில்லை. தாளில் என்ன இருக்கிறதோ அதை நம்பி உலோகத்தை வெட்டிவிடுவார். அதனால் ஒவ்வொரு கோடும் தான் எதைக் காட்டுகிறது என்பதைத் தானே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல கோட்டிடம் இருப்பவை இரண்டுதான்: எவ்வளவு தடிமன், தொடர்ந்து போகிறதா துண்டு துண்டாகப் போகிறதா. நிறத்தை நம்ப முடியாது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் நிறம் போய்விடும்.

தடிமனில் இருந்து பார்ப்போம். இயந்திர பாகங்களின் வரைபடத்துக்கு இரண்டு தடிமன் போதும். ஒன்று தடித்தது, மற்றது அதில் சரிபாதி. தடித்தது 0.5 மி.மீ. என்றால் மெல்லியது 0.25. தடித்தது 0.7 என்றால் மெல்லியது 0.35. கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளுக்கு, அதாவது புறக்கோட்டுக்கு, தடித்த கோடு. மறைந்த விளிம்பைக் காட்டும் மறைகோடு, துளை போன்றவற்றின் நடுவைக் காட்டும் மையக்கோடு, அளவுக்கோடு, அளவுக்காக வெளியே இழுக்கும் நீட்டல் கோடு, வெட்டுப்பரப்பை நிரப்பும் சாய்கோடுகள் எல்லாம் மெல்லியவை. பொருள் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதைப் பற்றிய தகவல்கள் பின்னால் ஒதுங்கி இருக்க வேண்டும். தாளைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணை லேசாகச் சுருக்கிப் பாருங்கள். பொருளின் வடிவம் மட்டும் தனியாகத் தெரிந்தால் தடிமன் சரியாக இருக்கிறது. எல்லாம் ஒரே வலைபோலத் தெரிந்தால் அளவுகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தத் தாளைப் படிப்பது கஷ்டம்.

இந்தத் தடிமன் எண்களுக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தின்படி கோட்டுத் தடிமன்கள் 0.13, 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1, 1.4, 2 மி.மீ. என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறத்தாழ 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். தாள் அளவுகளிலும் இதே விகிதம்தான். ஏ0 தாள் 841 × 1189 மி.மீ.; அதன் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக வெட்டினால் ஏ1, 594 × 841. அதில் பாதி ஏ2, அப்புறம் ஏ3, ஏ4. எத்தனை தடவை பாதியாக்கினாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். எழுத்தின் உயரமும் 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ. என்று அதே படியில்தான் ஏறுகிறது. இப்போது ஏ1 தாளில் வரைந்ததை ஏ2 அளவுக்குச் சுருக்கி நகலெடுங்கள். 0.7 கோடு 0.5 ஆகிவிடும், 5 மி.மீ. எழுத்து 3.5 ஆகிவிடும். சுருங்கிய பிறகும் எல்லாமே தரத்தில் உள்ள அளவுகளாகவே வந்து நிற்கும். அந்த நகலின் மேல் ஒரு திருத்தம் செய்ய வேண்டுமானால் மைப்பேனாத் தொகுப்பில் ஒரு படி கீழே உள்ள பேனாவை எடுத்தால் போதும். புதிதாகச் சேர்த்த கோடு பழைய கோட்டோடு ஒட்டிப்போகும்.

இனி கோட்டு வகைகள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பொருளை வைத்துப் பார்ப்பது நல்லது. எல் வடிவத்தில் ஒரு பிராக்கெட் எடுத்துக்கொள்வோம். அடித்தட்டு 80 மி.மீ. நீளம், 50 அகலம், 12 கனம். இடது ஓரத்தில் 12 மி.மீ. கனமுள்ள சுவர், அடியில் இருந்து மொத்த உயரம் 60. அடித்தட்டில் மேலிருந்து கீழாக ஊடுருவும் 20 மி.மீ. விட்டமுள்ள துளை ஒன்று. துளையின் மையம் சுவரின் வெளிப்பக்கத்தில் இருந்து 50, முன்பக்கத்தில் இருந்து 25.

முகப்புத் தோற்றத்தில், அதாவது முன்னால் இருந்து பார்ப்பதில், எல் வடிவம் தடித்த கோட்டில் வரும். துளை உள்ளே மறைந்திருக்கிறது. ஆகவே அடித்தட்டுக்குள் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு செங்குத்து மறைகோடுகள், நடுவில் ஒரு மையக்கோடு. இந்தச் சின்ன இடத்தில்தான் ஒருவருடைய பயிற்சி தெரியும். கையால் வரையும்போது மறைகோட்டின் துண்டு ஏறத்தாழ 3 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. இங்கே கோட்டின் மொத்த நீளம் 12. மூன்று துண்டு, இரண்டு இடைவெளி போட்டால் 11 மி.மீ. தான் ஆகும். அப்படியே விட்டால் கடைசியில் ஓர் ஒட்டாத இடைவெளி மிஞ்சும். மறைகோடு ஒரு துண்டில் தொடங்கி, விளிம்பைத் தொட்டு, ஒரு துண்டிலேயே முடிந்து, மறு விளிம்பையும் தொட வேண்டும். அதனால் துண்டுகளை 3.3 மி.மீ. அளவுக்கு லேசாக நீட்டிக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். அளவுகோல் வைத்து அளக்கத் தேவையில்லை; கண் பழகிவிடும். இரண்டு மறைகோடுகள் ஒரு மூலையில் சந்தித்தால் துண்டும் துண்டும் தொட்டு மூலையை உண்டாக்க வேண்டும். இடைவெளி அங்கே வந்து விழுந்தால் மூலையே காணாமல் போகும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடைவெளியில் தொடங்கலாம்: தடித்த புறக்கோடு ஒன்று நேராகப் போய் அதே திசையில் மறைகோடாக மாறும் இடத்தில். அங்கே இடைவெளி விடாவிட்டால் புறக்கோடு எங்கே முடிகிறது என்று தெரியாது.

மையக்கோடு நீளத்துண்டு, புள்ளி, நீளத்துண்டு என்று போகும். மேல் தோற்றத்தில் துளை வட்டமாகத் தெரியும். அதன் நடுவில் இரண்டு மையக்கோடுகள் குறுக்காக வெட்டும். வெட்டும் இடத்தில் நீளத்துண்டுகள்தான் சந்திக்க வேண்டும், இடைவெளியோ புள்ளியோ அல்ல. பட்டறையில் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டப்போகும் இடம் அது. அங்கே தெளிவான ஒரு குறுக்கு வெட்டு வேண்டும். மையக்கோடு வட்டத்தைத் தாண்டி இரண்டு மூன்று மி.மீ. வெளியே நீண்டு நிற்கட்டும். மிகச் சிறிய துளையாக இருந்தால் துண்டும் புள்ளியும் பார்க்காமல் மெல்லிய தொடர்கோடாகவே போட்டுவிடலாம்.

இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எதை வரைவது என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். தெரியும் விளிம்புதான் முதலில், அடுத்தது மறைகோடு, அதற்குப் பிறகுதான் மையக்கோடு. புறக்கோட்டின் மேல் மையக்கோடு விழுந்தால், பொருளுக்கு வெளியே நீளும் பகுதியில் மட்டும், சின்ன இடைவெளி விட்டு, அதைக் காட்டினால் போதும்.

உள்ளே நிறைய வேலைப்பாடு இருக்கும் பொருளில் மறைகோடுகள் குவிந்து ஒன்றும் புரியாமல் போகும். அப்போது பொருளைக் கற்பனையாக வெட்டித் திறந்து காட்டுகிறோம். வெட்டிய பரப்பை 45 பாகையில் மெல்லிய, சம இடைவெளிச் சாய்கோடுகளால் நிரப்ப வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வேறு பாகங்கள் இருந்தால் ஒன்றுக்கு இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம் சாய்க்க வேண்டும். ஒரு பாகத்துக்கு எந்தச் சாய்வு, எந்த இடைவெளி கொடுத்தீர்களோ, அது தாளில் எங்கே வந்தாலும் மாறக் கூடாது. தண்டு, போல்ட், நட், ரிவெட் போன்றவற்றை வெட்டுத்தளம் நீளவாக்கில் கடந்தாலும் அவற்றை வெட்டியதாகக் காட்டுவதில்லை, முழுசாகவே வரைவது வழக்கம். அவற்றுக்கு உள்ளே காட்ட ஒன்றும் இல்லை. வெட்டிக் காட்டினால் குழப்பம்தான் கூடும்.

சரி, கருவிகள். முதல் இடம் பென்சிலுக்கு. எச் என்றால் கடினம், பி என்றால் மென்மையும் கருமையும். கிராஃபைட்டோடு களிமண் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. களிமண் கூடினால் கடினம் கூடும். இப்படிக் கலந்து சுட்டு வெவ்வேறு கடினத்தில் பென்சில் செய்யும் முறைக்கு பிரான்சில் கோந்தே 1795-இல் காப்புரிமை பெற்றார். முதலில் லேசாகப் போடும் துணைக்கோடுகளுக்கும் மெல்லிய கோடுகளுக்கும் 2எச், புறக்கோட்டுக்கு எச் அல்லது எச்பி, எழுத்துக்கு எச்பி. இதற்கு மேல் தேவையில்லை. 4எச், 6எச் எல்லாம் கூர்மையாக நிற்கும், ஆனால் தாளில் பள்ளம் விழுந்துவிடும். அழித்தாலும் தடம் போகாது. மெக்கானிக்கல் பென்சில் வைத்துக்கொள்ளலாமா என்றால் தாராளமாக. 0.3 ஒன்று, 0.5 ஒன்று வைத்துக்கொண்டால் இரண்டு தடிமனும் சீவாமலே கிடைத்துவிடும். அதைத் தாளுக்கு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

மரப்பென்சில் என்றால் கோடு போகும் திசையில் சுமார் 60 பாகை சாய்த்து, இழுக்கும்போதே விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டிக்கொண்டே வாருங்கள். உருட்டாவிட்டால் முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, மெல்லியதாகத் தொடங்கிய கோடு போகப்போகத் தடித்துவிடும். கோட்டைத் தள்ளாதீர்கள், இழுங்கள். கறுமையை அழுத்தத்தால் கொண்டுவரப் பார்க்காதீர்கள். அதற்குத்தான் மென்மையான பென்சில் இருக்கிறது.

அப்புறம் வரைபலகையும், டி எழுத்துபோலத் தலையும் நீண்ட சட்டமும் உள்ள டி-ஸ்கொயரும். டி-ஸ்கொயரின் தலை, பலகையின் இடது விளிம்பில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வலது விளிம்பு. அந்த ஒரே ஒரு விளிம்பைத்தான் நம்ப வேண்டும். அதே தாளில் பலகையின் அடி விளிம்பிலும் டி-ஸ்கொயரை வைத்துச் செங்குத்துக் கோடு போடுவது தவறு. பலகையின் இரண்டு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செங்குத்துக்கோடு எல்லாம் டி-ஸ்கொயர் மேல் உட்காரும் செட் ஸ்கொயர் என்ற முக்கோணக் கருவியில் இருந்துதான் வர வேண்டும். தாளை ஒட்டும்போதும் பலகையைப் பார்த்து ஒட்டாதீர்கள். டி-ஸ்கொயரின் மேல் விளிம்போடு தாளின் விளிம்பைச் சேர்த்துவைத்து நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். பலகையில் திருகிப் பொருத்தும் மினி டிராஃப்டர் இருந்தால் டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், கோணமானி மூன்றின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் திருகு தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தெரியாமல் அரைப் பாகை நழுவினால் மொத்தத் தாளும் கோணலாகிவிடும்.

செட் ஸ்கொயர் இரண்டு: ஒன்று 45 பாகை, மற்றது 30-60 பாகை. இரண்டையும் சேர்த்துவைத்தால் 15, 75, 105 என்று 15-இன் எந்த மடங்கையும் கோணமானி இல்லாமலே போட்டுவிடலாம். வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். டி-ஸ்கொயர் மேல் வைத்து ஒரு செங்குத்துக்கோடு இழுங்கள். செட் ஸ்கொயரை அப்படியே மறுபக்கம் புரட்டி, அதே அடிப்புள்ளியில் இருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாகப் பொருந்தினால் செங்கோணம் சரி. மேலே போகப்போக விலகினால், விலகலில் பாதி அந்தக் கருவியின் பிழை. புரட்டிப் பார்ப்பதால் பிழை இரட்டிப்பாகித் தெரிகிறது. அதனால்தான் சிறிய பிழைகூட இந்தச் சோதனையில் தப்பாது.

காம்பஸில் ஊசி முனை, லெட் (பென்சில் கரி) முனையைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். ஊசி தாளுக்குள் இறங்கிய பிறகு இரண்டும் சமமாகும். லெட்டை வெளிப்பக்கமாகச் சாய்வாகத் தேயுங்கள். காம்பஸில் அழுத்தம் கொடுக்க முடியாது, அதனால் நேர்கோட்டுக்கு எச் பயன்படுத்தினால் காம்பஸுக்கு ஒரு படி மென்மையான லெட் போடுங்கள். இல்லாவிட்டால் வட்டம் வெளிறிப்போய், அதைத் தொடும் கோடு மட்டும் கருப்பாக நிற்கும். டிவைடர் இரண்டு முனையும் ஊசியாக இருப்பது; ஒரு தோற்றத்தில் உள்ள அளவை இன்னொரு தோற்றத்துக்கு எடுத்துப்போக அதைவிட நம்பகமானது வேறில்லை. பிரெஞ்சு கர்வ் என்ற வளைவுத் தகடு வைத்து வளைவு வரையும்போது குறைந்தது மூன்று நான்கு புள்ளிகள் பொருந்தும் இடமாகத் தேடி, பொருந்திய பகுதி முழுவதையும் வரையாமல் கடைசியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள். அடுத்த பொருத்தம் அங்கிருந்து தொடங்கினால் வளைவில் முடிச்சு விழாது.

ஸ்கேல், அதாவது வரையும் விகிதம், பற்றி ஒரே விஷயம். 1:2 என்றால் பாதியாகச் சுருக்கியது, 2:1 என்றால் இரட்டிப்பாகப் பெரிதாக்கியது. எந்த விகிதத்தில் வரைந்தாலும் எழுதும் எண் பொருளின் உண்மையான அளவுதான். 80 மி.மீ. நீளத்தைத் தாளில் 40 ஆக வரைந்தாலும் 80 என்றே எழுத வேண்டும்.

இனி அந்த பிராக்கெட்டை வரைவோம். கோடு இழுப்பதற்கு முன் இடக்கணக்கு. ஏ3 தாள் 420 × 297. இடப்பக்கம் 20, மற்ற மூன்று பக்கமும் 10 விளிம்பு விட்டால் உள்ளே 390 × 277 கிடைக்கும். 2:1 அளவில் பெரிதாக வரையலாமா? முகப்பு உயரம் 120, அதற்குக் கீழே மேல் தோற்றம் 100, நடுவில் அளவு எழுத 40, மொத்தம் 260. மீதி 17 மி.மீ. அளவுக்கோடு போடக்கூட இடமில்லை, வரைபடத்தின் விவரங்களை எழுதும் தலைப்புக் கட்டத்துக்கும் இடமில்லை. ஆக 1:1 தான். அகலம் முகப்புக்கு 80, இடைவெளிக்கு 40, பக்கத் தோற்றத்துக்கு 50, மொத்தம் 170; மீதி 220-ஐ இரண்டாகப் பிரித்து இடம் 110, வலம் 110. இந்த இரண்டு நிமிடக் கணக்கைச் செய்யாமல் ஒரு மூலையில் வரையத் தொடங்கினால், மூன்றாவது தோற்றத்துக்கு வரும்போதுதான் தாள் போதாது என்று தெரியும்.

தோற்றங்களை எங்கே வைப்பது என்பதில் உலகம் இரண்டு முறையாகப் பிரிந்திருக்கிறது. முதல் கோண முறையில் மேல் தோற்றம் முகப்புக்குக் கீழே வரும். வலப்பக்கம் இருந்து பார்த்தது முகப்பின் இடப்பக்கம் வரும். மூன்றாம் கோண முறையில் மேல் தோற்றம் மேலேயே, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே. ஐரோப்பாவில் முதலாவது, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டாவது வழக்கம். பொருளை ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் வீழ்த்தி இப்படிக் காட்டும் முறையை ஒழுங்கான ஒரு கணிதமாக அமைத்தவர் கஸ்பார் மோன்ஜ். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை வடிவமைப்புக்காக அவர் உண்டாக்கிய அந்த முறையைப் பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1795-இல்தான் அவர் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். எந்த முறையில் வரைந்தீர்கள் என்பதை வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்கள் கொண்ட சின்னத்தால் தலைப்புக் கட்டத்தில் காட்டியே ஆக வேண்டும். அதைக் காட்டாமல் விட்டு, படிப்பவர் வேறு முறை என்று எடுத்துக்கொண்டால், துளை சுவர் ஓரமாக இருக்கும் ஒரு பாகம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிச் செய்யப்பட்டுவிடும். அளவு எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் பாகம் பொருந்தாது.

எந்தப் பக்கத்துத் தோற்றத்தை எடுப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. நம் பிராக்கெட்டை இடப்பக்கம் இருந்து பார்த்தால் 50 × 60 சுவர்தான் தெரியும். அடித்தட்டின் மேல்பரப்பு மறைகோடாகிவிடும். வலப்பக்கம் இருந்து பார்த்தால் அதே விளிம்பு 12 மி.மீ. உயரத்தில் தடித்த கோடாகத் தெரியும். மறைகோடு குறைவாக வரும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வரையும் வரிசை இது. முதலில் மூன்று தோற்றங்களுக்கும் வெளிச்சட்டத்தை 2எச் பென்சிலால், கிட்டக் குனிந்தால் மட்டும் தெரிகிற துணைக்கோடாகப் போடுங்கள். ஒரு தோற்றத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்றும் ஒன்றாக வளர வேண்டும். முகப்பின் ஒவ்வொரு மூலையையும் கீழே நீட்டி மேல் தோற்றத்துக்கும், பக்கவாட்டில் நீட்டிப் பக்கத் தோற்றத்துக்கும் கொண்டுபோங்கள். மேல் தோற்றத்தில் உள்ள அகலம் 50-ஐயும் துளை மையத்தின் 25-ஐயும் டிவைடரால் பக்கத் தோற்றத்துக்கு மாற்றுங்கள், அல்லது மூலையில் 45 பாகைக் கோடு ஒன்று போட்டு அதன்மேல் திருப்பிவிடுங்கள். ஸ்கேலை ஒரே அளவுக்கு இரண்டு தடவை வைத்தால் இரண்டு வேறு பிழை வரும். அதன் பிறகு மையக்கோடுகள். எல்லாம் சரியா என்று பார்த்த பிறகுதான் அழுத்தமான கோடு: முதலில் வட்டங்களும் வில்களும், அடுத்து மேலிருந்து கீழாகக் கிடைக்கோடுகள், இடமிருந்து வலமாகச் செங்குத்துக்கோடுகள், கடைசியில் சாய்வுகள். இடக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாக. இந்த வரிசையில் போனால் புதிதாகப் போட்ட கிராஃபைட் மேல் கருவி உரசுவது குறையும்; தாள் அழுக்காகாது.

வில்லை முதலில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேர்கோட்டை வில்லோடு பொருத்துவது எளிது, வில்லை இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவில் பொருத்துவது கடினம். ஒரு மூலையை 10 மி.மீ. ஆரத்தில் உருட்ட வேண்டும் என்று வையுங்கள். இரண்டு விளிம்புக்கும் உட்பக்கமாக 10 மி.மீ. தள்ளி இணைகோடு போட்டால் அவை வெட்டும் புள்ளிதான் வில்லின் மையம். அங்கிருந்து இரண்டு விளிம்புக்கும் செங்குத்து இறக்குங்கள். அந்தச் செங்குத்துகள் தொடும் இரண்டு புள்ளிகளில்தான் வில் தொடங்கி முடிய வேண்டும். அவற்றைக் குறித்துக்கொண்டு வில்லைப் போட்டுவிட்டு, அங்கிருந்து நேர்கோட்டை இழுத்தால் இணைப்பு எங்கே என்றே தெரியாது. தொடுபுள்ளியைக் குறிக்காமல் கண்ணால் ஒட்டவைத்தால் அந்த இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு வரும், அது எப்போதும் உறுத்தும்.

இன்னொன்றும் கட்டாயம் பழகுங்கள்: ஒரு கோட்டைச் சம பாகமாகப் பிரிப்பது. 73 மி.மீ. கோட்டை ஆறாகப் பிரிக்க வேண்டும். வகுத்தால் 12.1666 வரும், அதை ஸ்கேலில் வைக்க முடியாது. கோட்டின் ஒரு முனையில் இருந்து ஏதோ ஒரு சாய்வில் இன்னொரு கோடு இழுங்கள். அதில் டிவைடரால் ஆறு சம அடி வையுங்கள், அளவு எதுவானாலும் சரி. ஆறாவது புள்ளியைக் கோட்டின் மறுமுனையோடு இணையுங்கள். அந்த இணைப்புக் கோட்டில் ஒரு செட் ஸ்கொயரைப் பொருத்தி, அதன் அடியில் இன்னொன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, முதலாவதை நழுவவிட்டு மற்ற ஐந்து புள்ளிகளில் இருந்தும் இணைகோடுகள் போட்டால் ஆறு சம பாகம் தயார். வடிவொத்த முக்கோணம்தான் இதன் காரணம். ஒன்றன்மேல் ஒன்று நழுவும் இந்த இரண்டு செட் ஸ்கொயர் பழக்கம், எந்தச் சாய்கோட்டுக்கும் இணைகோடு போடவும் செங்குத்து போடவும் உதவும். அறுகோணம் இன்னும் எளிது: வட்டத்தின் ஆரத்தையே காம்பஸில் வைத்துக்கொண்டு சுற்றிவந்தால் சரியாக ஆறு தடவையில் மூடும்.

அளவு எழுதுவதில் நிறைய விதிகள் உண்டு. நான் முக்கியமாக நினைப்பதை மட்டும் சொல்கிறேன். ஓர் அளவை ஒரே தடவைதான் கொடுக்க வேண்டும், வடிவம் நன்றாகத் தெரியும் தோற்றத்தில் கொடுக்க வேண்டும். துளையின் விட்டத்தை வட்டமாகத் தெரியும் மேல் தோற்றத்தில் கொடுங்கள், முகப்பின் மறைகோடுகளுக்கு நடுவில் அல்ல. துளையின் இடத்தை அதன் மையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், விளிம்புக்கு அல்ல. துளை போடுபவர் மையத்தில்தான் டிரில்லை நிறுத்துகிறார். முதல் அளவுக்கோடு பொருளில் இருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும், அம்புத்தலை 3 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம். சின்ன அளவு உள்ளே, பெரிய அளவு வெளியே. அப்போதுதான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது.

இவற்றைவிட முக்கியம், எங்கிருந்து அளப்பது என்பது. வரிசையாக ஐந்து துளைகள் இருந்து, ஒன்றில் இருந்து அடுத்ததற்கு என்று சங்கிலிபோல அளவு கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ±0.2 மி.மீ. அனுமதித்தாலும் கடைசித் துளை விளிம்பில் இருந்து ±1 மி.மீ. வரை நகரலாம். ஐந்தையும் ஒரே விளிம்பில் இருந்து கொடுத்தால் ஒவ்வொன்றும் ±0.2 தான். நம் பிராக்கெட்டில் சுவரின் வெளிப்பக்கம் வேறொரு பாகத்தோடு ஒட்டப்போகிறது என்றால் துளையின் 50 அங்கிருந்து வர வேண்டும், வலது முனையில் இருந்து 30 என்று கொடுக்கக் கூடாது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான், செய்யப்படும் பாகத்தில் ஒன்றல்ல. அதேபோல உறுப்பு அளவுகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மொத்தத்தையும் கொடுத்தால் எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் போகும், ஒன்றை விட்டுவிடுங்கள்.

கணினி வந்த பிறகு இதெல்லாம் தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். திரையில் ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை ஐவன் சதர்லேண்ட் 1963-இல் செய்து காட்டினார், வரைவு மென்பொருளான ஆட்டோகேட் 1982-இல் வந்தது. இன்று பலகையில் வேலை செய்யும் அலுவலகங்கள் அரிது. பென்சில் சீவுவதையும் டி-ஸ்கொயர் பிடிப்பதையும் கணினி தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. ஆனால் எந்தக் கோடு தடிப்பு, எந்தத் தோற்றம் வேண்டும், அளவு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது முடிவு செய்து தராது. கோட்டு வகையின் விகிதத்தைத் தவறாக வைத்தால் மறைகோடு தொடர்கோடாகவே அச்சாகி வரும். திரையில் நிறம் வேறாக இருப்பதால் வரைந்தவருக்கு அது தெரியாது. கையால் 12 மி.மீ. நீளத்தில் மூன்று துண்டு பொருத்திப் பழகிய கண் அச்சுத்தாளில் அதை உடனே பிடித்துவிடும். அதனால் என் யோசனை: முதல் சில வாரங்கள் பலகையில் பழகுங்கள், பிறகு மென்பொருளுக்குப் போங்கள். மை போட்டு வரைவதைப் பழக வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

தொடங்குவதற்கு ஏ3 தாள் போதும். முதல் தாளில் பொருள் எதுவும் வரையாதீர்கள். 10 மி.மீ. இடைவெளியில் 150 மி.மீ. நீளக் கோடுகள்: ஐந்து தடித்தது, ஐந்து மெல்லியது, ஐந்து மறைகோடு, ஐந்து மையக்கோடு. கீழே 1 முதல் 9 வரையும் 0-வும் ஆகிய எண்களை 3.5 மி.மீ. உயரத்தில், மேலும் கீழும் வழிகாட்டிக் கோடு போட்டு எழுதுங்கள். ஒரே வகைக் கோடுகள் ஐந்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா, தொடக்கத்தில் உள்ள தடிமன் முடிவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக வந்ததும் மேலே சொன்ன பிராக்கெட்டை வரையலாம். அளவுகள் எல்லாம் கொடுத்திருக்கிறேன்.